இந்த வண்டியை வாங்க விடாதே, அக்கா

கிரவீன்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பத்மா அக்காவுக்கும் அத்திம்பேருக்கும், தம்பி சடகோபன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே இருவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. விஜயா சௌக்கியம். கிளேட்டனில் குளிர் எப்படி, அத்திம்பேரின் முழங்கால் எப்படி, ஸ்ருதிக்குப் பரீட்சை முடிந்ததா என்பதையெல்லாம் நான் முறையாகக் கேட்டதாக வைத்துக்கொண்டு நேரே கீழே படி. எனக்கு அவகாசம் இல்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பாய். வீட்டிலிருந்து போனில் பேசினால் விஜயா காதில் விழும், வெளியிலிருந்து பேசினால் நீ சிரித்தே என்னைப் பேசவிட மாட்டாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கை தவறிக் குடும்பக் குழுவில் போய் விழும், சென்ற தீபாவளிக்கு அவள் செய்த மைசூர்பாகைப் பற்றி நான் எழுதியது அப்படித்தான் விழுந்தது. ஆகவே கறிவேப்பிலை வாங்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். விஜயா கேரவன் வாங்கச் சொல்கிறாள். அதுவும் சாதாரணக் கேரவன் இல்லை, ஃபிஃப்த் வீலர். மற்றவை போல வண்டியின் வாலில் தொங்கிக்கொண்டு வராது. அதன் கழுத்து, யூட் என்று இங்கே சொல்கிற திறந்த முதுகு வண்டியின் பின்தட்டுக்கு மேல் ஏறி அங்கே பூட்டிக்கொள்ளும். ஒன்பது மீட்டர் நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்ரூம், வாஷிங் மெஷின். ஓய்வு பெற்ற இரண்டு பேர் இதில் ஏறிக்கொண்டு ஆஸ்திரேலியாவை ஒரு சுற்று சுற்ற வேண்டுமாம். கடையில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சின்ன காரை ரிவர்ஸ் எடுக்கவே நான் விஷ்ணு சகஸ்ரநாமத்தில் பாதி சொல்லிவிடுவேன் என்பது உனக்குத் தெரியும்.

எனக்கோ முப்பது வருஷம் சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் கொடுத்தார்கள். சும்மா இருப்பேனா? கேரவன்காரர்கள் இண்டர்நெட்டில் எழுதுவதை ஒரு மாதம் படித்தேன். படித்திருக்கக் கூடாது. ஒருவருக்குக் கூரை ஒழுகிச் சுவருக்குள் மரம் உளுத்துப்போயிருக்கிறது. இன்னொருவருக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் கழன்று இவரை முந்திக்கொண்டு போயிருக்கிறது. புதிதாக வாங்கினால் முதல் வருஷம் முழுக்க ரிப்பேர் ஷெட்டில் நிற்கும் என்கிறார்கள், பழசாக வாங்கினால் அடுத்தவன் தலைவலியை வாங்குகிறாய் என்கிறார்கள். நூற்று நாற்பத்திரண்டு சோதனைகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தேன். அதைப் பார்த்து விஜயா, நம் கல்யாணத்துக்கு முன்னால் இத்தனை கேட்டீர்களா என்றாள்.

போன சனிக்கிழமை பென்ரித்தில் டெரக் என்பவர் வீட்டுக்குப் போனோம். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கேரவனையும் அதை இழுக்கும் யூட்டையும் சேர்த்தே விற்கிறார். விஜயா கைப்பையிலிருந்து ஒரு பால் பாட்டிலையும் சின்னப் பாத்திரத்தையும் எடுத்தாள். கட்டிலும் அடுப்பும் இருந்தால் அது வீடு, வீட்டைப் பால் காய்ச்சாமல் எப்படி வாங்குவது என்றாள். வாங்கின பிறகுதானே காய்ச்சுவார்கள் என்றேன். அடுப்பு எரியவில்லை என்று வாங்கின பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம் என்றாள். டெரக் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் பயபக்தியாக நின்றார். பால் பொங்கியது. விஜயா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் பொங்கிய பால் அத்தனையும் ஒரே பக்கமாக வழிந்தது. சேஸி வளைந்திருக்கிறது என்று முடிவு கட்டி, புது வேஷ்டியோடு கேரவனுக்கு அடியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு நுழைந்துவிட்டேன். இருபது நிமிஷம் வெல்டிங் வெல்டிங்காகத் தடவிப் பார்த்தபின் டெரக் குனிந்து, தன் வீட்டு டிரைவ்வே மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்டது என்று மெதுவாகச் சொன்னார். ஒரு பட்டனை அழுத்தினார். இரும்புக் கால்கள் இறங்கிச் சக்கர வீடு நேராக நின்றது. அந்தப் பட்டன் வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும் என்று அப்போதிலிருந்து புதிதாகப் பயம்.

டயரில் தேதி பார்த்தேன், போன வருஷத்து டயர். சுவரில் ஈரம் பார்க்கும் கருவியை வைத்தேன், ஈரம் இல்லை. கடைசியில் கூரைமேல் ஒரு மணி நேரம் குழாய்த் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். அந்த மனிதர் ஏணியில் நின்றுகொண்டு, சொந்த வண்டிமேல், சொந்தத் தண்ணீரை அடித்தார். நானும் விஜயாவும் உள்ளே. நான் மூலை மூலையாக டிஷ்யூ பேப்பர் ஒட்டிக்கொண்டு வந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டாள். உனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் அத்தனை வருஷம் இரவு டியூட்டி பார்த்ததில் அவளுக்குத் தூக்கம் என்பதே கெட்டுப்போய்விட்டது. மாத்திரை போட்டாலும் இரண்டு மணி நேரம்தான். அங்கே அந்தப் பொய் மழைச் சத்தத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நான் எழுப்பவில்லை. டெரக்கிடம் இன்னும் அரை மணி அடிக்கச் சொன்னேன்.

ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, அக்கா. நூற்று நாற்பத்திரண்டில் ஒரு தப்புகூட இல்லை. எங்கள் தொழிலில் தப்பே அகப்படவில்லை என்றால், இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். அது எங்கேயோ ஒளிந்துகொண்டு, போன் சிக்னல் இல்லாத ஏதோ ஒரு செம்மண் ரோட்டில் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அங்கே வண்டி நின்றுவிட்டால் எனக்கு என்ன தெரியும்? வீட்டில் பல்பு மாற்றுவதே அவள்தான். அவளுக்கு ஏதாவது ஆகி, நான் பக்கத்தில் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நின்றால்? இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வருகிற சனிக்கிழமைக்குள் டெரக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகையால் கடிதம் கண்டதும் விஜயாவுக்குப் போன் செய். ஜோசியர் என் ஜாதகத்தைப் பார்த்துப் பங்குனி வரை பிரயாணமே கூடாது என்றதாகச் சொல். நான் சொன்னால் சிரிப்பாள், நீ சொன்னால் நம்புவாள். இந்த ஒரு பொய்யின் பாவத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அத்திம்பேருக்கு என் நமஸ்காரங்கள். ஸ்ருதி நன்றாகப் படித்து, சக்கரம் இல்லாத வீட்டில் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அவசரத்தில்,
உன் தம்பி சடகோபன்

பி.கு.: ஸ்டாம்ப் வாங்க மறந்து, கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். விஜயா கறிவேப்பிலை எங்கே என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்னா, உங்களுக்கு அவ்வளவு பயமா இருந்தா வேண்டாம், விட்டுடுங்கோ" என்றாள். கோபமே இல்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த ஆஸ்திரேலியா மேப்பை எடுத்து, நாலாக மடித்து, பழைய பில்கள் கிடக்கும் டிராயரில் வைத்துவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கொல்லைப்புறம் போய் டெரக்குக்குப் போன் செய்து, எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு அவரே கொண்டுவந்து நிறுத்துகிறார். ஜோசியர் வேண்டாம். நீ போன் செய்து, வாங்கியாகிவிட்டது என்று அவளிடம் சொல். நான் சொன்னால் அழுதுவிடுவேன், எதற்கு அழுகிறேன் என்று அவள் கேட்பாள்.