பன்னிரண்டு வருடப் பத்திரம்

1958, மார்ச் முப்பத்தொன்று. மதியம் தாண்டியும் அருள்மணி வாத்தியார் ஒரு சேமிப்புப் பத்திரம்கூட விற்றிருக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கவுஞ்சி மலைக்கிராமத்தில் ஐந்து பத்திரம் விற்றுக் கொடுத்தால் பழனிக்கு மாற்றல் என்று பள்ளி இன்ஸ்பெக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். பழனியில் மனைவி லீமா இருந்தாள். பிறந்து நாற்பது நாளான மகளும் இருந்தாள். அவள் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.

"நூறு ரூவா போட்டா பன்னெண்டு வருஷத்துல நூத்தி அறுபத்தஞ்சுங்க!" என்றார், பூண்டுக் களத்தில் கூடியிருந்தவர்களிடம்.

"எதுக்குக் கூடக் குடுக்கிறாங்க?" என்று சந்தேகப்பட்டார் விவசாயி பொன்னுவேல்.

வாத்தியாருக்குப் பாடம் நடத்தும் ஆசை வந்துவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது.

"பன்னெண்டு வருஷம் கழிச்சு வர்ற நூறைவிட, இன்னைக்குக் கையில இருக்கிற நூறு ஒசத்தி. அந்த வித்தியாசத்துக்குத்தான் வட்டி."

"ஒசத்தியானதை நாங்க ஏன் குடுக்கணும்?"

மடியிலிருந்து பணத்தை எடுத்த இருவர் அதை மறுபடி செருகிக்கொண்டார்கள்.

"அதான் வட்டியோட வருதே! நூத்தி அறுபத்தஞ்சு எவ்வளவு பெரிசு!"

பூண்டு கட்டிக்கொண்டிருந்த காளியாயி நிமிர்ந்தாள். "அன்னைக்குப் பூண்டு என்ன வெலை விக்கும்?"

"அது எனக்கெப்படிம்மா தெரியும்?"

"அது தெரியாம, நூத்தி அறுபத்தஞ்சு பெரிசுன்னு எப்படிச் சொல்றீங்க?"

அந்தக் குளிரிலும் வாத்தியாருக்கு வியர்த்தது. மூன்று பேர் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள்.

"சர்க்கார் பணம்ங்க, மோசம் போகாது!"

"சர்க்கார் எங்க கெடக்கு, நாங்க எங்க கெடக்கோம்?" என்றார் பொன்னுவேல். "அன்னைக்கு யாரைப் போய்க் கேக்கிறது?"

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. வாத்தியாருக்கு அழுகையே வந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என்னைக் கேளுங்க! பன்னெண்டாம் வருஷம் இதே களத்துல, நானே உங்க கையில எண்ணித் தர்றேன்!"

எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். பொன்னுவேல் உள்ளங்கையை நீட்டினார். "கையடிச்சுக் குடுங்க வாத்தியாரய்யா."

அந்த ஊரில் பூண்டு வியாபாரமே கையடித்துத்தான் முடியும். அடித்தபின் யாரும் பேச்சு மாற முடியாது. வாத்தியார் படபடவென்று ஐந்து கைகளிலும் அடித்தார். ஐந்நூறு ரூபாய் விழுந்தது.

அன்றே லீமாவுக்குக் கடிதம் எழுதினார். மறுநாளே டிரங்குப் பெட்டியையும் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று வாரம் தகவலே இல்லை. ஊரார் ஒருநாள் கும்பலாகக் கொடைக்கானல் போய்த் திரும்பினார்கள். கேட்டால் "ஒரு சோலி" என்றார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் கொடைக்கானல் இன்ஸ்பெக்டர் ஆபீஸ் பியூன் வேலுமணி மூச்சிரைக்க ஏறி வந்தான். வாத்தியார் பாதி வழிக்கே ஓடினார்.

"மாத்தல் ஆர்டர் வந்தாச்சா?"

"வந்தாச்சு சார்! நீங்க கையடிச்சுக் குடுத்ததைச் சொல்லி ஊரே கைநாட்டு வச்சு மனுக் குடுத்துச்சா, அதனால ஐயா தேதியை மட்டும் மாத்திட்டாரு: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, மார்ச் முப்பத்தொண்ணு!"