உறுதிப்பூசுதல் வாங்காத டீச்சர்

ஒரு விஷயம் தெரியாமல் இருப்பது தப்பில்லை. அந்தத் தெரியாத விஷயத்தையே முப்பத்திரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து, மேசையைத் தட்டித் தட்டிப் பாடம் நடத்துவதுதான் தப்பு. நான் இரண்டாவது ரகம்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வார நாட்களில் ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் போத்தனூரில் எங்கள் கோயிலில் மறைக்கல்வி டீச்சர். (கத்தோலிக்கர்களுக்கு சர்ச்சும் கோயில்தான்.) அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டுக்குட்டிப் படம் வரையச் சொல்லும் வகுப்பு இல்லை, உறுதிப்பூசுதல் வகுப்பு. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

எங்கள் சபையில் ஒருவர் முழு ஆளாவதற்கு மூன்று படி. கைக்குழந்தையாக இருக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம். விவரம் தெரிந்தபிறகு முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற புதுநன்மை. அப்புறம் ஆயர், அதாவது பிஷப், வந்து நெற்றியில் தைலம் பூசி, இனி நீயும் போய் நாலு பேருக்கு உன் விசுவாசத்தைச் சொல்லு என்று அனுப்பிவைக்கிற உறுதிப்பூசுதல். இதை நான் வகுப்பில் இப்படிச் சொல்வேன்:

“ஞானஸ்நானம் பொறப்பு. நற்கருணை சோறு. உறுதிப்பூசுதல் லைசென்ஸ். லைசென்ஸ் இல்லாம வண்டிய ரோட்டுல எறக்கக் கூடாது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க டீச்சர்” என்று முப்பத்திரண்டும் கத்தும்.

மூன்று வகுப்புக்கு மேல் மட்டம் போட்டால் பெயரை வெட்டிவிடுவேன். ரினி என்று பதிமூன்று வயசுப் பெண் ஒருத்தி, த்ரோபால் பயிற்சி என்று சொல்லி நாலு வாரம் வரவில்லை. வெட்டினேன். அவளுடைய அம்மா பங்குத்தந்தையிடம் அழுது, ஃபாதர் என்னிடம் கெஞ்சி, அவள் திரும்ப வந்து உட்கார்ந்தாள். வந்த நாளிலிருந்து என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தாள். (நான் பார்த்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.)

அந்த வருடம்தான் எனக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை சகாயராஜ், காங்கேயம். தேங்காய் உடைத்துக் காயவைக்கும் களம் வைத்திருக்கிற குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா மரகதம், என் படிப்பைப் பற்றியோ வேலையைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அதெல்லாம் கெடக்கட்டுமுங்க. புள்ள கோயல்ல உபதேசம் சொல்லிக் குடுக்குதாமா. எனக்கு அது போதுமுங்க” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தில் இல்லை, சிரிப்பை அடக்கத்தான். அவ்வளவு பெருமை.

கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கவேண்டும். அதற்கு முன்னால் சான்றிதழ்கள் சரிபார்க்க ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிப் பார்த்தார்.

“செலின், ஞானஸ்நானம் இருக்கு. புதுநன்மை இருக்கு. உறுதிப்பூசுதல் கட்டம் காலியா இருக்கே?”

“எழுத மறந்திருப்பாங்க ஃபாதர். அந்தக் காலத்துல பொறுப்பா வேலை செய்யற ஆளுக யாரு இருந்தாங்க?” என்றேன். இந்த வாயை நினைத்தால் இப்போதும் கிள்ளத் தோன்றுகிறது.

“அதே பக்கத்துல மத்த எல்லாருக்கும் எழுதியிருக்கே” என்றார் ஃபாதர்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

எனக்கு ஒன்பது வயதில், எங்கள் பங்குக் கோயிலில் புதுநன்மையும் உறுதிப்பூசுதலும் ஒரே பூசையில் நடந்தது. மே மாதம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், மூன்றடுக்கு வெள்ளை கவுன் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். அதுவரை எனக்கே ஞாபகம் இருக்கிறது. அப்புறம் நெற்றியில் ஜில்லென்று ஏதோ பட்டதும், கண் திறந்தபோது பெரியவர் ஒருவர் குனிந்து என்னைப் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. அந்த ஜில்லென்ற ஸ்பரிசத்தைத்தான் வருடா வருடம் வகுப்பில் உருகி உருகிச் சொல்வேன். “தைலம் நெத்தியில பட்டதும் ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு பிள்ளைகளா. இன்னைக்கும் மறக்க முடியல.”

“அது தைலமில்ல கண்ணு” என்றார் அம்மா. “சோடா.”

ஆயரிடம் போய்ச் சேர எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போதே மயங்கி விழுந்திருக்கிறேன். கோயில் பணியாளர் என்னைத் தூக்கிக்கொண்டு போய், முகத்தில் சோடாவைத் தெளித்து எழுப்பியிருக்கிறார். நான் திரும்பி வரும்போது நற்கருணை கொடுக்கும் நேரம். அதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

“பூசை முடிஞ்சதும் ஆயர்கிட்டக் கூட்டிட்டுப் போலாம்னுதான் இருந்தேன். கேக் வெட்டற அவசரத்துல மறந்துபோட்டேன். அப்பறம் சொன்னா உங்கப்பா திட்டுவாருன்னு…”

பதினேழு வருடம்!

ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்து, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார். “ரெண்டு வாரத்துல ஆயர் வாரார். உன் கிளாஸ் பிள்ளைகளோட சேர்ந்து நீயும் வாங்கிக்க. உறுதிப்பூசுதல் வாங்கின ஒருத்தரை ஞானத்தாயா வெச்சுக்கணும். அம்மா அப்பா கூடாது” என்றார்.

ஆபீஸ் தோழி புனிதாவைப் பிடித்து, மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு, விஷயத்தைச் சொல்லி, ஞானத்தாயாக வரச் சொன்னேன். சகாயராஜிடம் மூச்சு விடவில்லை. உபதேசம் சொல்லிக்கொடுக்கிற பிள்ளை என்றுதானே அவர் அம்மா என்னைக் கேட்டார்? அது ஒன்றுதானே போதும் என்றார்? அந்த ஒன்றும் போனால் ஓலையே நின்றுவிடும் என்று எனக்குப் பயம்.

அடுத்த ஞாயிறு ஃபாதர் வகுப்புக்கு வந்து பெயர்ப் பட்டியலை வாசித்தார். முப்பத்திரண்டு பெயர் முடிந்ததும், “முப்பத்திமூணு, செலின்” என்றார். ரினி மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், அப்ப இத்தன நாளா லைசென்ஸ் இல்லாமயா வண்டி ஓட்டுனீங்க?”

நான் திரும்பி, ஒன்றும் எழுதாத கரும்பலகையை அழிக்க ஆரம்பித்தேன்.

அந்த நாளும் வந்தது. வரிசையில் கடைசி ஆளாக நின்றுகொண்டேன். பிள்ளைகளை ஒழுங்குபடுத்துகிற டீச்சர் மாதிரி கையை ஆட்டிக்கொண்டு நின்றால், உண்மையில் நானும் வரிசையில்தான் நிற்கிறேன் என்று யாருக்கும் தெரியாது என்பது என் கணக்கு. புனிதாவை மட்டும் காணவில்லை. திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தேன். நாலாவது முறை பார்த்துவிட்டுத் திரும்பியபோது முதல் பெஞ்சில், பட்டுச்சேலையும் பெரிய துணிப்பையுமாக மரகதம் அத்தை உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் சகாயராஜ். மருமகள் உருவாக்கிய பிள்ளைகளைப் பார்க்கக் காலையில் முதல் பஸ்ஸிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார், எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க. அதிர்ச்சி வரைக்கும் சரியாகவே கொடுத்தார்.

ஆயர் பிரசங்கத்தில் பிள்ளைகளைக் கேட்டார்: “இன்னைக்கு உறுதிப்பூசுதல் வாங்கிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க?”

‘சாட்சியாக வாழ்வோம்’ என்று நான் மூன்று மாதம் மனப்பாடம் செய்யவைத்த பதில்.

“பிரியாணி சாப்புடுவோமுங்க ஆயரே!” என்றது என் வகுப்பு.

அத்தை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வரிசை நகர்ந்தது. ஒவ்வொரு பிள்ளையின் தோளிலும் ஞானத்தாயோ ஞானத்தந்தையோ கை வைக்க, ஆயர் நெற்றியில் தைலம் பூசினார். ரினி பூசிக்கொண்டு ஒரு ராணி மாதிரி திரும்பிப்போனாள். கடைசியில் நானும் ஆயரும் மட்டும் மிஞ்சினோம். என் பின்னால் யாரும் இல்லை. (போத்தனூரில் ரயில்வே கேட் போட்டு, புனிதா அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.)

“உன் ஞானத்தாய் எங்கம்மா?” என்றார் ஆயர். அவர் அங்கியில் மாட்டியிருந்த மைக் அதைக் கோயில் முழுக்கவும், வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கர் தெரு முழுக்கவும் சொன்னது.

நான் இன்னொரு தடவை வாசலைப் பார்த்தேன். பிள்ளைகள் பக்கத்திலிருந்து ரினி எழுந்தாள்.

“நான் கை வெக்கட்டுங்களா ஆயரே? எனக்கு இப்பத்தானுங்க லைசென்ஸ் வந்துச்சு.”

கோயிலே சிரித்தது. ஆயரும் சிரித்து, “உனக்கு இன்னும் வயசு பத்தாது கண்ணு” என்றார். எனக்கு இன்னொரு தடவை மயக்கம் வந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. வேண்டுகிறபோது அது வருவதில்லை.

அப்போது முதல் பெஞ்சில் துணிப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அத்தை எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக நடந்து வந்து என் பின்னால் நின்றார். வலது தோளில் கை விழுந்தது. தேங்காய் உடைத்து உடைத்துக் காய்த்துப்போன, கனமான கை.

“நானுங்க” என்றார் ஆயரிடம். “பூசுங்க.”

ஆயர் பூசினார். நான் ஆமென் சொன்னேனா, அழுதேனா என்று தெரியவில்லை. இரண்டும் என்று சகாயராஜ் சொல்கிறார்.

பூசை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பாடு. நான் அத்தை இலைக்கு முன்னால் போய் நின்றேன். “மறைச்சுபோட்டனுங்க அத்தை. நீங்க என்னைய உபதேசம் சொல்ற புள்ளைன்னுதானே கேட்டீங்க…”

“உக்காரு அம்மணி” என்றார். “நான் இந்து ஊட்டுப் புள்ள. கட்டிக்கிட்டு வந்து மூணு வருசம் எங்க மாமியா எனக்கு ஒரு செபஞ் சொல்லிக் குடுக்கல, ஒருநாளும் கோயலுக்கு வான்னு கூப்புடல. களத்துல வேலை செய்யறவங்களுக்கு மொதல்ல சோறு போட்டுட்டுத்தான் அவங்க உக்காருவாங்க. பாத்துப் பாத்து நானாப் போயி, உங்க சாமி யாருன்னு சொல்லுங்கன்னு கேட்டேன். மூணையும் எனக்கு ஒரே நாள்ல குடுத்தாங்க. நீ ஒண்ணுக்குப் பதினேழு வருசம் லேட்டு. அவ்வளவுதான?”

நான் மூன்று மாதம் மேசையைத் தட்டிச் சொல்லிக்கொடுத்ததை, அவர் ரசம் ஊற்றிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் எங்கள் அம்மா கையில் அப்பளத்தோடு அப்படியே நின்றார்.

“ஏனுங்க சம்பந்தி… ஞானத்தாயின்னா தாய் முறையாச்சுங்களே. அப்ப மாப்பிள்ள இவளுக்கு அண்ணன் முறையில்லீங்களா?”

பந்தி நின்றது. சகாயராஜ் வாயில் வைத்த சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்னைப் பார்த்தார். எங்கள் கொங்குநாட்டில் ஜாதகம் இல்லாமல்கூடக் கல்யாணம் நடந்துவிடும். முறை தவறி நடக்காது. அத்தைக்கே முகம் வெளுத்துவிட்டது. சாப்பிட்ட கையைக் கழுவாமலேயே சகாயராஜ் பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் கோயிலுக்குப் பறந்தார். பத்து நிமிடம் கழித்து, பின்சீட்டில் ஃபாதரோடு வந்தார். ஃபாதரும் கை கழுவியிருக்கவில்லை.

“இப்பத்த திருச்சபைச் சட்டத்துல அப்படி ஒரு தடையே இல்லீங்க. தாராளமாக் கட்டிக்கலாம்” என்றார் ஃபாதர். அம்மா நம்பாமல் அதை மூன்று முறை சொல்லவைத்தார்.

கல்யாணம் நடந்தது. எங்களுக்கு ஒரு பெண். போன வருடம் அவளுடைய பள்ளியில் குடும்ப மரம் ஒட்டி வரச் சொன்னார்கள். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவளுக்குத் தாய்மாமன் கிடையாது. கட்டம் காலியாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்பத்தாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அப்பத்தாவும் கதையை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். இவள் சகாயராஜின் போட்டோவை இரண்டு பிரதி எடுத்து, அப்பா என்ற கட்டத்தில் ஒன்று, தாய்மாமன் என்ற கட்டத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். முகம் இறுகிப்போயிருந்தது. அவர் கிறிஸ்தவர் இல்லை. ஆகவே ஞானஸ்நானத்திலிருந்து தொடங்கி, நற்கருணை, உறுதிப்பூசுதல், ஞானத்தாய், என் மாமியாருடைய மாமியார் போட்ட சோறு வரைக்கும் அரைமணி நேரம் சொல்லவேண்டியிருந்தது. ஒரு வெளியாளுக்கு என் விசுவாசத்தைப் பற்றி நான் முழுசாகச் சொன்னது அதுதான் முதல் முறை. அந்த அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, “உங்க மாமியாரைக் கேட்டதாச் சொல்லுங்க” என்றார்.

காங்கேயத்தில் எந்த விசேஷத்திலும் தாய்மாமனைக் கூப்பிட்டால் இப்போது சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சகாயராஜை முன்னால் தள்ளிவிடுகிறார்கள். அவரும் கூச்சமே இல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் நிற்கிறார்.