மாலூர்ப் பசுக்களும் பதினோரு ஏக்கர் மேய்க்காலும்

பாகலூர் பக்கம்,
ஞாயிறு.

மைத்துனர் சிவராஜ் அவர்களுக்கு கோவிந்தப்பன் எழுதுவது. நானும் உங்கள் அக்கா அருணாவும் நலம். தாங்களும் நலம் என்று பிறர் சொல்லித் தெரிந்துகொண்டோம்; போனைத்தான் நீங்கள் எடுப்பதில்லையே.

நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கு பதினோரு ஏக்கரைத் திம்மராயன் வளைத்து லாரி நிறுத்துகிறான், ஊருக்காக அரசு காக்க வேண்டிய நிலத்தை அரசே எட்டிப் பார்ப்பதில்லை என்று ஏழு வருடம் முன்பு சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு எழுதினேன். அந்தக் குழுவின் கோப்புகள் சட்டமன்றச் செயலகத்தில் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. நீங்களோ, "மாமா, மனுன்னா வரிசைப்படிதான் வரும், சொந்தக்காரர்னு முன்னால தள்ள முடியாது" என்றீர்கள். மறக்கவில்லை.

போன செவ்வாய் குழு வந்தது. முந்தின நாளே அதிகாரிகள் லாரிகளை அப்புறப்படுத்திவிட்டார்கள். மேய்க்கால் என்றால் மாடு மேய வேண்டுமல்லவா, நம் ஊரில் மாடு ஏது, எல்லோரும் கம்பெனிக்குப் போகிறார்கள், பால் பாக்கெட்டில் வருகிறது, ஆகவே எங்கிருந்தோ பதினான்கு பசுக்களை இறக்கினார்கள், அவை புல்லைச் சீண்டாமல் வரவேற்புக்குக் கட்டிய வாழைமரத்தைத் தின்றன. குழுவில் ஓர் அம்மையார், சொந்தமாகப் பால் பண்ணை வைத்திருப்பவராம், நேரே போய் ஒரு பசுவின் காதைப் பிடித்து, மஞ்சள் தகட்டில் இருந்த எண்ணைப் போனில் தட்டி, "இது கர்நாடகா, மாலூர் மாடாச்சே" என்றார். "எல்லை தாண்டி மேய வருதுங்கம்மா, மாட்டுக்கு மாநிலம் தெரியுங்களா" என்றார் அதிகாரி. "லாரியில ஏறியா வருது?" என்றார் குழுத் தலைவர். மாட்டுக்காரன் குறுக்கே புகுந்து, "நாலு மணிக்கு மாலூர்ல பால் கறக்கோணும் சாமி, சீக்கிரம் பாத்து வுட்ருங்க" என்றான்.

தலைவர் அங்கேயே உத்தரவிட்டார். யார் எவர் என்று பாராமல் முழு நிலத்தையும் அளந்து, ஆக்கிரமிப்பு அத்தனையும் அறிக்கையில் ஏற்றி, இந்தக் கூட்டத்தொடரிலேயே அவையில் வைக்க வேண்டுமாம். நான் மட்டும் கை தட்டினேன். திம்மராயன் என்னைப் பார்த்தான். நான் மாட்டைப் பார்த்தேன்.

அறிக்கையைத் தாமதப்படுத்தச் சொல்லி யாராவது உங்களிடம் வருவார்கள். சொந்தம் பந்தம் என்பார்கள். வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

உங்கள் குழந்தை சுவாதிக்கு எங்கள் ஆசிகள். அவளாவது அத்தை வீட்டுப் பக்கம் வரட்டும்.

இப்படிக்கு,
கோவிந்தப்பன்

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் திங்கள் ஆகிவிட்டது. காலையில் சர்வேயர் வந்தார். திம்மராயன் பக்கத்தைப் பத்து மணிக்கே முடித்துவிட்டு, நிற்காமல் நம் வீட்டுக்குள் வந்து, சமையலறை நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டார். அடுப்பு பட்டாவில் இருக்கிறது. கிரைண்டர், குழாயடி, கக்கூஸ் மூன்றும் புறம்போக்கு. உங்கள் அக்கா கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் மாவரைத்துக்கொண்டே என்னைப் பேசுகிறாள். அறிக்கைக்கு அவசரமில்லை மாப்பிள்ளை. என் மனு எடுத்துக்கொண்ட ஏழு வருடத்தை அதுவும் எடுத்துக்கொள்ளட்டும், வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா. புதன்கிழமை நேரில் வருகிறேன், திம்மராயன் காரில்தான். அவனும் கூட வருகிறான். அக்கா ராயக்கோட்டைத் தக்காளி ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறாள். போனை எடுக்கவும்.