கதவிடுக்கில் நீண்ட கை

என் வீட்டுக்காரர் தையல்காரர். ஊருக்கெல்லாம் அளவெடுப்பார், தன் வாய்க்கு மட்டும் அளவே வைக்கமாட்டார். அதன் பலனாகப் பக்கவாதம் வந்து இடது கை மரத்துப்போனது. குத்தினாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது, விரலும் சரியாக மடங்காது. ஆள் பிழைத்தாரே, அதுவே போதும் என்று நான் கும்பிடாத நாள் இல்லை.

"சர்க்கரையும் கொழுப்பும் குறையணும். இல்லேன்னா வாதம் திரும்ப வரும். கைக்குப் பயிற்சியும் கொடுக்கணும்" என்றார் டாக்டர். கொழுப்பு அதிகம் என்பது கல்யாணமான அன்றே எனக்குத் தெரியும். சர்க்கரைதான் புதுச் செய்தி.

பயிற்சி என்றால் "கை வரலைடி" என்று படுத்துக்கொள்வார். கேக் என்றால் எழுந்துவிடுவார்.

எனக்குப் பயம் விடவில்லை. காலையில் கண் விழித்ததும் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பேன். விட்டால், விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பேன். மரத்த கைதானே, பேப்பர் படித்துக்கொண்டே நீட்டுவார்.

ஒருநாள் அவர் சட்டைப் பையில் கேக் துணுக்கு. காலையில் சர்க்கரை மெஷினே சொல்லட்டும் என்று விட்டேன். மறுநாள் காலை அறைக் கதவு சாத்தியிருந்தது.

"என்னங்க, விரலைக் காட்டுங்க."

"சட்டை மாத்திக்கிட்டிருக்கேன். இடுக்குல கையை நீட்டுறேன், குத்திக்கோ."

"கட்டிக்கிட்டவகிட்ட இப்ப என்ன புது வெட்கம்?"

"இந்தா, கை வந்தாச்சு!"

வந்தது. நகக்கண்ணெல்லாம் நீலப் பெயின்ட். பக்கத்து வீட்டில் பெயின்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். டாக்டர் வாசலையே மிதித்ததில்லை என்று மார்தட்டுகிறவர். கொஞ்சம் அழுத்தியே குத்தினேன்.

"ஐயோ, அம்மா!" என்றது கதவு.

"தெய்வமே! கைக்கு உணர்ச்சி வந்துடுச்சா?"

"வ... வந்துடுச்சு" என்றது என் வீட்டுக்காரர் குரல்.

சர்க்கரை மெஷினைப் பார்த்தேன். "என்னங்க, முந்நூத்தி அறுபதுங்க!"

உள்ளே என் வீட்டுக்காரர் யாரிடமோ எகிறினார், "அடப்பாவி! உனக்குச் சர்க்கரையே கிடையாதுன்னியே!"

"இருக்குன்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?"

கதவைத் திறந்தேன். இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். திட்டத்தான் நினைத்தேன். பெயின்டர் அண்ணன் வெளிறிப்போய் நின்றதைப் பார்த்ததும் திட்டு வரவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். "நல்ல வேளை, வாதம் அடிக்கிறதுக்கு முந்தியே வந்துட்டீங்க" என்றார்களாம்.

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா, ஒரு உயிரையே காப்பாத்தியிருக்கேன்!"

சாயங்காலம் பெயின்டர் வீட்டு அம்மா ஒரு டப்பாவோடு வந்தாள். "அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. வாய் நிறையச் சாப்பிடுங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் பெரிய மனசோடு தலையாட்டினேன்.

மூடி சரியான இறுக்கம். வலது கையால் திருகினார். டப்பா சுற்றியதே தவிர மூடி அசையவில்லை. முழங்காலில் இடுக்கினார், வழுக்கியது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையை எடுத்து டப்பாவின் மேல் வைத்தார். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. பிடித்தன.

மூடி திறந்தது. உள்ளே வெள்ளரிக்காய்.

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம வீட்டு டப்பாவாச்சே?"

"ஆமாங்க" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்கு இன்னும் இறுக்கமா மூடித் தர்றேன்."