பூசை மணியும் பின்சுவர்க் குரங்குகளும்

அரைகுறையாகப் படிப்பவனால் ஊருக்குப் பெரிய தீங்கில்லை. படித்ததை மறுநாளே செய்து பார்ப்பவனால்தான் தீங்கு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தென்காசி நூலகத்தில் தானே கற்றவன் என்ற செருக்கோடு திரிந்த நான் இரண்டாம் வகை. நினைத்தால் இன்றும் என்மீதே ஆத்திரம் பொங்குகிறது.

என் மனைவி செல்வம்மாள் தையல் வேலையை விட்டுவிட்டு, குற்றாலத்தில் எங்கள் வீட்டின் முன்பகுதியைச் சீசனுக்கு வருவோருக்கு வாடகைக்கு விடத் தொடங்கிய முதல் ஆண்டு அது. பதினொரு பேர் கொண்ட தூத்துக்குடிக் குடும்பம் ஒன்று பத்து நாள் தங்க வந்தது. பிடித்துவிட்டால் ஆண்டுதோறும் வருவதாகச் சொன்னார்கள். முதல் நாளே குரங்குகள் அவர்களது எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிச் சென்றன.

"இன்னொரு தடவ குரங்கு உள்ள வந்துச்சுன்னா நாங்க வேற வீடு பாத்துக்கிடுதோம், அண்ணாச்சி" என்றார் அக்குடும்பத்தின் மூத்த பெண்மணி.

நான் அஞ்சவில்லை. மணியடித்து உடனே உணவிட்டு வந்தால், நாளடைவில் மணியோசைக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று படித்திருந்தேன். உணவுக்குப் பதில் வெடி போட்டால், மணியோசைக்கே குரங்கு ஓட வேண்டுமல்லவா? தீபாவளிக்கு மிஞ்சிய ஓலை வெடியையும் பூசையறை மணியையும் எடுத்தேன்.

"சாமி மணிய எங்க கொண்டு போறிய?" என்றாள் செல்வம்மாள்.

"ஏளா, இது அறிவியல். பேசாம இரி."

மூன்று நாள் மணி, வெடி; மணி, வெடி. நான்காம் நாள் வெறும் மணி. குரங்குகள் சுவரேறிப் பறந்தன. வாசலுக்கு ஓடிவந்து பார்த்த விருந்தினர் கைதட்டினர். நான் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு சொற்பொழிவாற்றினேன்: "செய்த செயலுக்குப் பரிசோ தண்டனையோ பெற்றுக் கற்பது வேறு. இங்கே குரங்கு எதையும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றையடுத்து ஒன்று வருவதை அதன் உடம்பே முடிச்சுப் போட்டுக்கொள்ளும்." (ஒருத்தருக்கும் புரியல. அதுல எனக்கு இன்னும் பெருமை.)

சாரலில் வெடி நமுத்துப்போனது. மணியே போதும் என்று விட்டுவிட்டேன். வெடி வராத மணிக்கு அச்சம் நாளுக்கு நாள் தேய்ந்துவிடும் என்பது அதே நூலின் அடுத்த அதிகாரத்தில் இருந்தது. நான் அதுவரை படித்திருக்கவில்லை.

எட்டாம் நாள் காலை, உள்ளே விருந்தினருக்கு இலைகளில் இட்லி வைத்தாயிற்று. முன்சுவரில் ஒரு குரங்கு. மணியடித்தேன். வழக்கம்போல் பதினொரு பேரும் வேடிக்கை பார்க்க வாசலுக்கு ஓடினர். அந்தக் குரங்கு அசையவில்லை. உள்ளே பாத்திரம் உருண்டது. திரும்பி ஓடினால், பின்சுவர் தாண்டி வந்த கூட்டம் பந்தியில் அமர்ந்திருந்தது. ஒன்று அந்தப் பெண்மணியின் இலையில் சட்னியைத் தொட்டுத் தின்றது.

மணியடித்தால் மனிதர்கள் இலையை விட்டு எழுந்து ஓடுகிறார்கள் என்பதை அவை கண்டுகொண்டன. பின்சுவர் தாண்டினால் இட்லி. முந்தைய இரண்டு நாளும் பந்தியில் இட்லி குறைந்தது ஏனென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. செயலுக்குப் பரிசு, நான் வேறென்று ஒதுக்கிய அதே கல்வி.

"நீங்க பழக்குனது குரங்கையா, எங்களையா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மையார் பெட்டியைக் கட்டினார். அந்தச் சீசனின் மிச்ச நாளெல்லாம் வீடு காலியாகக் கிடந்தது. நான் குரங்குகளைத் திட்டினேன், நூலைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். செல்வம்மாள் யாரையும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இன்றுவரை எங்கள் வீட்டில் மணியில்லாமல்தான் பூசை நடக்கிறது. வடகரையிலிருந்து வரும் உறவினர் காரணம் கேட்டால், செல்வம்மாள் கற்பூரத்தைக் காட்டியபடியே சொல்வாள்:

"மணிய அடிச்சா சாமி வருமான்னு தெரியாது. இவுக மாணாக்கருங்க வந்துருவாவ."