ஆலாத்தியும் அரை மூச்சும்

தம்பியின் கலியாணத்துக்காக உடம்பைக் குறைத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அது பொய். குறைத்தது நானல்ல, கோர்செற்.

வயிற்றை இறுக்கிக் கயிறு கட்டும் அந்தக் கவசத்தை மாட்டிக்கொண்டுதான் ரொறன்ரோ மல்வேர்னில் தையல்கார அன்ரியிடம் சாறிச் சட்டைக்கு அளவு கொடுத்தேன்.

"பிள்ளை, உள்ளுக்குக் கொஞ்சம் துணி விட்டுத் தைக்கட்டோ? பிறகு பிரிக்கலாம்."

"தேவையில்லை அன்ரி. இனி நான் இப்பிடித்தான்." (வாய்க்கும் ஒரு கோர்செற் வாங்கியிருக்க வேண்டும்.)

ரொறன்ரோவில் இல்லாத மண்டபமா? தம்பியோ ரொக்கி மலையுச்சியில்தான் தாலி கட்டுவன் என்று நின்றான். அம்மா இல்லை. "ஆலாத்தி நீதான் எடுக்கவேணும் அக்கா, வேற ஒருத்தரும் வேண்டாம்" என்றும் சொல்லிவிட்டான்.

கலியாணத்தன்று காலை கடலையையும் உழுந்து வடையையும் ஒரு கை பார்த்தேன். மச்சாள் சுகி கயிற்றை இறுக்கினாள். கேபிள் காரில் ஏறினோம். மேலே போகப் போகச் சிப்ஸ் பை ஊதிக்கொண்டு வருமே, அப்படி ஊதினேன். இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"என்னப்பா நெளியிறீர்? பயமோ?" என்றார் என்ர மனுசன்.

"இல்லை, மலையைப் பாக்கிறன்."

"கண்ணை மூடிக்கொண்டோ?"

உச்சியில் காற்றே மெலிசு. அதிலும் பாதிதான் எனக்குள் போனது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. ஆலாத்தித் தட்டோடு தம்பிக்கு மேலேயே விழுந்து வைத்தால்? சுகியை இழுத்துக்கொண்டு வோஷ்றூமுக்கு ஓடினேன்.

"அவிழடி!"

சட்டையைக் கழற்றிக் கயிற்றை அவிழ்த்தாள். மூச்சு வந்தது. கூடவே இடுப்பும் வந்தது. இனிச் சட்டை பூட்டுமா? இரண்டு கரைக்கும் இடையில் ஒரு சாண் வெளி.

வெளியே ஸ்பீக்கரில் கெட்டிமேளம்.

"அண்ணை, உங்கட ஜக்கெற்றைக் கழட்டித் தாங்கோ, கெதியா!" என்று சுகி கதவுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்.

மலையில் குளிரும் என்று மனுசன் ஒஷாவாவில் வேலைக்குப் போடுகிற ஜக்கெற்றை வேட்டிக்கு மேலே போட்டு வந்திருந்தார். (காலையில் அதற்கு ஒரு சண்டை பிடித்திருந்தேன்.) பளீரென்ற மஞ்சள், முன்னும் பின்னும் ஒளி பட்டால் மின்னும் வெள்ளிப்பட்டி. பட்டுச் சாறிக்கு மேல் அதைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு தட்டோடு போய் நின்றேன். தம்பி சிரிப்பை அடக்கினான். அது கண்ணால் வழிந்தது. மூன்று தரம் சுற்றினேன். விழவில்லை.

கமராவின் வெளிச்சத்தையெல்லாம் அந்தப் பட்டி வாங்கித் திருப்பி அடித்ததில், ஆலாத்திப் படங்களில் பொம்பிளையும் மாப்பிள்ளையும் மங்கல். நான் மட்டும் சூரியன்.

அதில் ஒன்றைத் தம்பி பெரிதாக்கி வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிறான். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள்: "உது ஆர், மலை மீட்புப் படையோ?"

"ஓம்" என்பான். "மீட்க வந்த அக்காவைத்தான் முதல்ல மீட்டது."