உரிமையாளர் சம்மதம் தந்துவிட்டார்

சங்கரன்கோவில்,
ஆனி மாதம், பிரதோஷ நாள்

ஒளித்துவைத்துத் தேடும் விளையாட்டில் பெட்டிகளுக்கு இடம் சரிபார்த்துத் தரும் தொண்டர், பெங்களூரில் வாழும் பாளையங்கோட்டைச் செல்வர் திரு. ஆஷிக் அலி அவர்களுக்கு, பிரதோஷ வழிபாட்டுச் சபைச் செயலாளன் காசிராஜன் வணங்கி எழுதுவது. இறையருளால் தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு யாவரும் நலம் என்று எழுதுவது மரபு. பொய் எழுதிப் பழக்கமில்லாததால் அதை விட்டுவிடுகிறேன்.

என் ஒரே மகன் கோமதிசங்கர் டென்மார்க்கில் இருக்கிறான். முன்பின் அறியாதவர்கள் ஒளித்துவைத்த டப்பாக்களைச் செல்போன் காட்டும் திசையில் போய்த் தேடி, உள்ளிருக்கும் தாளில் கையெழுத்திட்டு, எடுத்த இடத்திலேயே மறுபடி ஒளித்துவிட்டு வருவதுதான் அவனுக்குப் பேரின்பம். மாலும் அயனும் தேடிக் காணாத அடிமுடியை இவன் வாரந்தோறும் கண்டுவிடுகிறான். சென்ற விடுப்பில் போர்ச்சுகல், அதற்கு முந்தைய விடுப்பில் ஐஸ்லாந்து. ஆடித்தபசுக்காவது வாயேன் என்றேன். "அங்கன வந்து என்னப்பா செய்ய? மேப்புல நம்ம ஊரு ஒரு டப்பா இல்லாம காலியால்லா கெடக்கு" என்றான். நானும் அவன் தாயும் இங்கே இருப்பது அந்த வரைபடத்தில் தெரியாது போலும். ஆகவே நானே ஒரு பெட்டி வைக்கத் துணிந்தேன். வைக்குமுன் இடத்தைத் தங்களுக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது விளையாட்டின் விதி. துன்பம் அங்கே தொடங்கியது.

முதலில் பேருந்து நிலையத்துச் சுவர் இடுக்கைக் குறித்தனுப்பினேன். கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியைக் கண்டால் போலீஸ் வரும் என்று மறுத்தீர்கள். தண்டவாளத்தோரப் புளியமரத்தைச் சொன்னேன். ரயில் பாதையருகே ஆகாது என்றீர்கள். இரண்டும் நியாயமே. மூன்றாவதாக, திருவேங்கடம் சாலையில் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் சாஸ்தா கோயில் வேப்பமரப் பொந்தைத் தெரிவித்தேன். அதற்கு, நில உரிமையாளரின் அனுமதி உண்டா, அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டேன். பட்டா சாஸ்தா பெயரில் இருக்கிறது. தொலைபேசி எண் இல்லை.

ஆயினும் அனுமதியின்றி எதையும் செய்பவன் அல்லன் நான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சந்நிதியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி சுடலைமணி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். சிவப்பு. அரியும் அரனும் ஓருருவாய் நிற்கும் ஊரில், அவ்விருவருக்கும் பிள்ளையாய்ப் பிறந்தவரே பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெற்றோருக்கு இரங்காவிட்டால் வேறு யார் இரங்குவார்? இன்னொரு முறை பாரும் என்றேன்.

"கேட்டதையே கேட்டா சாமிக்குச் சள்ளையா இருக்கும்லா அண்ணாச்சி?"

"வெவரம் சரியாப் போய்ச் சேரலையோ என்னமோ. டென்மார்க்குன்னும் சேத்துச் சொல்லும்வே."

சேர்த்தே சொன்னார். மறுபடியும் சிவப்பு. அருகில் நின்ற என் மனைவி சங்கரேஸ்வரி சந்நிதியை நோக்கிக் கையை நீட்டிவிட்டாள். "ஏஞ்சாமி, ஒம்ம கோயிலையா எழுதிக் கேட்டோம்? பொந்துதான கேட்டோம்? எம்புள்ள மொகத்தை நேருல பாத்து எம்புட்டு நாளாச்சு! ஒமக்குன்னு ஒரு புள்ள இருந்தால்லா இந்த வயித்தெரிச்சல் தெரியும்!" சாஸ்தாவுக்குப் புதல்வர் உண்டெனப் புராணம் கூறுகிறது என்று திருத்த வாயெடுத்தேன், அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். சுடலைமணி அவசரமாக மூன்றாம் முறை எடுத்தார். வெள்ளை.

"சாமியே பயந்துட்டாருல்லா" என்றார்.

ஆகவே உரிமையாளரின் சம்மதம் முறையாகப் பெறப்பட்டுள்ளது. சாட்சிக்குச் சுடலைமணியின் எண்ணைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். தாழம்பூவைப் போலப் பொய்ச்சாட்சி சொல்பவர் அல்லர். தன் நாயகனைக் காண அம்மை ஒற்றைக்காலில் தவமிருந்த ஊர் இது. நாங்கள் இரண்டு காலில்தான் நிற்கிறோம். ஆனால் நான்கு முழங்காலிலும் வலி. தபசுக்குள் ஒப்புதல் தந்தருள்க. தாங்கள் பெற்ற செல்வங்கள் என்றும் தங்கள் கைக்கெட்டும் தொலைவில் வாழ்க.

இங்ஙனம்,
காசிராஜன்

பின்குறிப்பு: இதை அனுப்புமுன் மகனைப் போனில் அழைத்தேன். மகிழ்ச்சி மிகுதியால் சாஸ்தா கோயில், வேப்பமரம், இடுப்புயரப் பொந்து என அனைத்தையும் சொல்லிவிட்டேன். "என்னப்பா, எடத்தையே சொல்லிட்டியளே! இனி நான் வந்து எதைத் தேட?" என்று வைத்துவிட்டான். ஆதலால் மேற்கண்ட விண்ணப்பத்தைத் தயைகூர்ந்து நிராகரித்துவிடவும். வேறொரு கோயிலில் இடம் பார்க்கிறேன். இம்முறை அவனிடம் மூச்சுவிட மாட்டேன். சங்கரேஸ்வரிக்குத் தெரிந்தால் அன்றைக்கே அவனுக்குச் சொல்லிவிடுவாள். எனவே அவளுக்கும் தெரியக்கூடாது. ஆனால் அவளை அழைத்துப் போகாமல் சாமியிடம் சம்மதம் வாங்குவது எப்படி என்பதுதான் விளங்கவில்லை.